ஹார்லனின் புதுக் குழல்

அரம் பிடிக்கிற நாட்களில் நான் காபி குடிப்பதில்லை. குடித்தால் விரல் லேசாக நடுங்கும்.

கைத்துப்பாக்கிக்கு வாங்கும் புதுக் குழல் கொஞ்சம் தடிமனாகத்தான் வரும். மை பூசி, துப்பாக்கிக்குள் தள்ளிப் பார்த்து, மை அழிந்த இடத்தை மட்டும் அராவ வேண்டும். அராவியதைத் திரும்ப ஒட்ட முடியாது. ஒஹையோவில் முப்பத்தொரு வருடமாக இதுதான் என் வேலை. ஒரே ஒரு முறை கை தவறியது. என் வாடிக்கையாளன் வெண்டெலின் துப்பாக்கி அவன் முகத்துக்கு நேரே வெடித்து, வலது கண் போனது. வீட்டிலேயே அவன் வெடிமருந்து அடைத்த தோட்டாதான் காரணம் என்றார்கள். நானும் தலையாட்டினேன்.

வெண்டெலின் நண்பன் ஹார்லன் மட்டும் அதை நம்பவில்லை. எனக்கும் அவன் நண்பன்தான். ஒரு செவ்வாய்க்கிழமை கடைக்கு வந்தான்.

“அந்தக் குழல பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தேன், வெர்னன். நீ கூடுதலா அராவிட்டே.”

“ஷெரிஃப்கிட்ட சொல்லிட்டியா?”

“நான் எதுக்குச் சொல்லணும்? வெண்டெல்கிட்ட நீயே சொல்லிடு. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுக்கறேன்.”

அவனுடைய துப்பாக்கியும் புதுக் குழலுக்காக என் மேசையில்தான் கிடந்தது. அதைப் பார்த்துச் சிரித்தான். “என்னுதையாவது ஒழுங்கா பண்ணு, கிழவா.”

அதன்பின் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வாசலில் கார் நின்றாலே ஜன்னலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். உரிமம், கடை, பெயர் எல்லாம் போய்விடும். ஆகவே ஹார்லனின் குழலை மிக நிதானமாக அராவினேன். இம்முறை கை தவறவில்லை. குழல் பூட்டிக்கொண்டது போலத் தெரியும், பூட்டியிருக்காது; சுட்டால் வெண்டெலுக்கு நடந்ததுதான் நடக்கும்.

சனிக்கிழமை காலை சுடுதளத்தில் அவனிடம் கொடுத்தேன். வாங்கியவன் அதை மனைவி ஜோலீனிடம் நீட்டினான்.

“மொதல்ல நீ சுடு. பொறந்தநாள்காரி நீதானே.”

இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஜோலீன் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“ரொம்ப உதைக்குமா, வெர்னன்?”

“இல்லம்மா. பயப்படாதே,” என்றேன். மூன்றடி பின்னால் போய்க் காதடைப்பை மாட்டிக்கொண்டேன்.

கத்தியிருக்கலாம். கத்தினால் எனக்கு முன்பே தெரியும் என்று ஆகிவிடும்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஹார்லன் என் தோளைத்தான் பிடித்துக்கொண்டு அழுதான். நானும் அழுதேன், நிஜமாகவே.

அந்தக் குழலை நீங்கள் என் முன்னால் வைத்துவிட்டதால் எதையும் மறைக்காமல் சொல்லிவிட்டேன், ஆபீசர். ஆனால் கொலைகாரன் என்று மட்டும் எழுதாதீர்கள். ஜோலீன் மீது எனக்கு எப்போதும் பிரியம் உண்டு. நான் கொல்ல நினைத்தது ஹார்லனை மட்டும்தான்.