பதினைந்து நிமிடம் என்று எழுதச் சொன்னவன் நானே

என் பெயரும் முகவரியும் முதல் தாளில் பதியப்பட்டுள்ளன. வயது ஐம்பத்து நான்கு. சட்டம் படித்தவன், ஆயினும் வாதாடுவதில்லை. வீட்டுக் கடன் வழங்கும் நிறுவனமொன்றில் இருபத்தாறு ஆண்டுகளாக நிலப் பத்திரங்களைச் சரிபார்த்து, வில்லங்கம் உண்டா இல்லையா என்று கருத்துரை எழுதி வருகிறேன். இதற்கு முன் என் மீது எந்தப் புகாரும் இல்லை. யாருடைய வற்புறுத்தலும் இன்றி இக்காவல் நிலையத்தில் இதைக் கூறுகிறேன்.

என் மனைவி இரத்தப் பரிசோதனைக் கூடமொன்றில் இருபத்திரண்டு ஆண்டுகள் நுண்ணோக்கி முன் அமர்ந்து பணியாற்றியவர். பதினொரு மாதங்களுக்கு முன் அவ்வேலைக்கு இயந்திரம் வந்தது. அவருக்குப் பணிக்கொடை கொடுத்து விடுவித்தனர். அன்று முதல் அவருக்குச் சரியான உறக்கம் இல்லை. கண்ணை மூடிக் கிடப்பார், நான் புரண்டு படுத்தால், "என்னங்க, தூங்கலையா?" என்று அவரே கேட்பார். மருத்துவர் தந்த மாத்திரையும் பயன்படவில்லை.

மின்சாரக் கார் தயாரிக்கும் நிறுவனம் ஒன்று முதன்முறையாகப் பங்குச் சந்தைக்கு வருவதை அறிந்து, அப்பணிக்கொடை முழுவதையும் அதில் போடுவதென்று அவர் தீர்மானித்தார். அதன் பிறகு நான் அந்நிறுவனத்தின் வெளியீட்டு ஆவணத்தை, நானூற்றுப் பதினெட்டுப் பக்கங்களையும், ஒன்பது நாட்களில் படித்து முடித்தேன். இடர்கள் என்று அவர்களே வரிசையிட்டிருந்தவை அறுபத்தொன்று. இதுவரை எந்த ஆண்டிலும் லாபம் கண்டதில்லை என்பது மூன்றாவது. புதிய தொழிற்சாலை வரவிருக்கும் நிலத்தின் ஒரு பகுதி மீது உரிமை வழக்கு நிலுவையில் உள்ளது என்பது நாற்பத்து நான்காவது. அந்த நிலத்தில் கோழிக்கூடு கட்டக்கூட நான் கடனுக்குப் பரிந்துரைக்க மாட்டேன் என்று மனைவியிடம் கூறினேன்.

அதற்கு அவர், "அறுபத்தொரு ஆபத்தையும் உக்காந்து படிச்சீங்க. வண்டியை ஒரு தடவையாவது ஓட்டிப் பாத்தீங்களா? என்னைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடி எத்தனை பக்கம் படிச்சீங்க?" என்று கேட்டார்.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாளான கடந்த செவ்வாய்க்கிழமை காலை, அவர் தம் கைபேசி வழியாக விண்ணப்பித்தார். வங்கியிலிருந்து சம்மதம் கேட்டு ஒரு தகவல் வரும். மாலை ஐந்து மணிக்குள் அவர் தம் இரகசிய எண்ணை இட்டால் மட்டுமே விண்ணப்பம் செல்லும். வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு நான் சொல்வதைச் சொல்லலாம் என்றும், முடிவு தம்முடையது என்றும் அவர் கூறினார். நான் ஒப்புக்கொண்டேன். இந்த ஒப்புதலை அழுத்திப் பதியுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பிறகு இருவரும், அந்நிறுவனத்தின் கார்களை விற்கும் புகார்தாரரின் காட்சிக்கூடத்துக்குச் சென்றோம். நல்ல கூட்டம். விற்பனை அலுவலரான பெண்மணி, "நீங்களும் ஷேர் போடத்தான் வந்தீங்களா சார்? காலையிலிருந்து வண்டி வாங்க ஒருத்தரும் வரல" என்று கூறி, சோதனை ஓட்டத்துக்கான படிவத்தைக் கொடுத்தார். அதில் கால அளவு என்ற இடம் காலியாக இருந்தது. காலியிடம் விட்டுக் கையெழுத்திடுவது என் வழக்கமல்ல. நிரப்பித் தருமாறு நான் வற்புறுத்தியதால், பதினைந்து நிமிடம் என்று அவர் எழுதினார். உடன் வர வேண்டிய அவரை வேறு சிலர் சூழ்ந்துகொண்டனர். "ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க சார். உங்களைப் பாத்தா வண்டியோட ஓடிப் போறவர் மாதிரியா இருக்கு?" என்று சாவியைத் தந்தார்.

பிற்பகல் 1.52 மணிக்குப் புறப்பட்டோம். வண்டியின் கடிகாரம் இரண்டு நிமிடம் முந்தி ஓடியது; இங்கு கூறும் நேரங்கள் என் கைக்கடிகாரப்படி. வண்டி நகர்ந்ததை நான் உணரவில்லை. தெருதான் பின்னால் நகர்ந்தது. கடைகள், காத்திருந்தோர், ஏணியைச் சுமந்து சென்ற ஒருவர், அனைவரும் தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல் ஓசையின்றிக் கடந்தனர். 2.01 மணிக்கு மனைவியின் தலை சன்னல் பக்கம் சாய்ந்தது. வாய் சற்றே திறந்திருந்தது. பதினொரு மாதங்களில் நான் காணாத முகம் அது. காட்சிக்கூடத்துக்குத் திரும்ப, அடுத்த சந்திப்பில் வலப்புறம் திரும்பியிருக்க வேண்டும். நான் நேரே சென்றேன்.

அதன் பிறகு நகரைத் தாண்டினேன். நிறுத்தினால் விழித்துவிடுவார் என்று அஞ்சி நிறுத்தவில்லை. மரநிழல்கள் அவர் முகத்தில் விழுவதும் எழுவதுமாக இருந்தன. மூச்சும் அதே சீரில் இருந்தது. நான் என்ன வேகத்தில் ஓட்டினேன், எத்தனை ஊர்களைக் கடந்தேன் என்று கேட்டால் கூற இயலாது. காட்சிக்கூடத்திலிருந்து ஏழு அழைப்புகள் வந்ததைப் பின்னர் கண்டேன். என் கைபேசியின் ஒலியை நிறுத்தி வைத்தவன் நானே.

மாலை 4.41 மணிக்கு ரயில்வே கேட் மூடியிருந்ததால் நிறுத்த நேர்ந்தது. அப்போது இருக்கைகளுக்கு இடையில் இருந்த மனைவியின் கைபேசி ஒளிர்ந்தது. சம்மதம் கேட்கும் தகவல். அதை முழுவதும் படித்தேன். அவர் உறங்கிக்கொண்டிருந்தார். கைபேசியை எடுத்துக் கவிழ்த்து வைத்தேன். ரயில் போனது, கேட் திறந்தது, ஓட்டினேன்.

அதன் பிறகு ஏரிக்கரைச் சாலையில், முழங்கால் அளவு நீரில் ஒரு வெள்ளைக் குதிரை அசையாமல் நின்றதாக எனக்கு நினைவு. அது உண்மையில் இருந்ததா என்று உறுதி கூற இயலாததால், அதைச் சாட்சியமாக அளிக்கவில்லை; குறிப்பிட மட்டும் செய்கிறேன்.

5.33 மணிக்கு மின்னேற்றம் தீர்ந்து வண்டி தானாக நின்றது. மனைவி கண்விழித்து மணி கேட்டார், கூறினேன். "போன் எதுவும் வரலையா?" என்றார். "நான் கவனிக்கலம்மா" என்றேன். அது பொய்.

என்ன நோக்கத்தில் ஓட்டினேன் என்று நேற்று தாங்கள் விசாரித்தபோது, மனைவியின் உறக்கம் கலையக் கூடாது என்று கூறினேன். 4.41 வரை அது முழு உண்மை. அதற்குப் பிறகு எவ்வளவு உறக்கத்துக்காக, எவ்வளவு ஐந்து மணி கடக்க வேண்டும் என்பதற்காக என்று என்னால் பிரித்துக் கூற இயலவில்லை. அப்பங்குகள் நாளை சந்தையில் பட்டியலிடப்படுகின்றன. விலை இறங்கிய பின் இதைக் கூறினால் பெருமை பேசியதாகும். ஏறிய பின் கூறினால் வேறு வழியின்றி மன்னிப்புக் கேட்டதாகும். ஆகவே இன்றே கூறுகிறேன்.

இதைப் படித்துக் காட்டியபோது, என் ஓட்டுநர் உரிமத்தைக் கொண்டுவந்து அருகில் அமர்ந்திருந்த என் மனைவி குறுக்கிட்டுக் கூறியது, என் வேண்டுகோளின்படி சேர்க்கப்படுகிறது: "குதிரை இருந்துச்சு சார். நானும் பாத்தேன்."

அப்படியானால் ஏன் எழுந்து சம்மதம் கொடுக்கவில்லை என்று தாங்கள் கேட்டதற்கு அவர், "கேட்ல நின்னப்பவே முழிச்சிட்டேன். போனைக் கவுத்து வச்சதையும் பாத்தேன். மனுஷன் எழுப்புறாரான்னு பாக்கலாம்னு இருந்தேன். ஆனா நான் எழுந்தா வண்டியைத் திருப்பிடுவாரே, இன்னும் கொஞ்ச தூரம் போகட்டும்னு கண்ணை மூடினேன். குதிரையைத் தாண்டின அப்புறம் நிஜமாவே தூங்கிட்டேன்" என்றார். பின் என் பக்கம் திரும்பி, "ஆனா அந்தப் பொய் சொன்னீங்க பாருங்க, அதை வீட்ல போய்ப் பேசிக்கிறேன்" என்று என்னிடம் கூறினார்.

இதன் பொருட்டு, 4.41 மணிக்கு அவர் "உறங்கிக்கொண்டிருந்தார்" என்று நான் கூறியதை "உறங்குவதாக நான் நம்பினேன்" என்று திருத்தக் கேட்டு, ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டேன். காட்சிக்கூடத்தாருக்கு நேர்ந்த இழப்பை ஈடுசெய்யச் சம்மதிக்கிறேன். படித்துக் காட்டக் கேட்டேன். நான் கூறியபடியே உள்ளது. கண்டதைக் கண்டதாகவும், நம்பியதை நம்பியதாகவும் கூறியுள்ளேன். இவ்வரிக்கும் கையொப்பத்துக்கும் நடுவே எஞ்சிய காலியிடத்தில் கோடிட்டு அடைக்குமாறு கேட்டுக்கொண்டேன்; அவ்வாறே அடைக்கப்பட்டது.

(ஒப்பம்)
வாக்குமூலம் அளித்தவர்

(ஒப்பம்)
சாட்சி: மேற்படியாரின் மனைவி