சக்கரம் உருண்டால்தான் குற்றம்

இன்ஸ்பெக்டர் ஐயா, நாற்காலி வேண்டாம். தரையிலேயே உட்கார்ந்துகொள்கிறேன். இருபத்துநாலு வருஷமாகச் சிமெண்ட் மூட்டை தூக்குகிற இடுப்பு இது. ஒரு பக்கம் எரியும், மறுபக்கம் மரத்துப்போகும். எழுந்தால் முழங்கால் துருப்பிடித்த கீல் மாதிரிச் சத்தம் போடும். நிதானமாகச் சொல்கிறேன், நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

என் தம்பியும் அதே கிடங்கில்தான் மூட்டை தூக்கினான். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், பின்னால் எடுத்த லாரி அவனைச் சுவரோடு வைத்து நசுக்கிவிட்டது. ஓட்டியவன் குடித்திருந்தான். பத்தடி தள்ளி நின்ற எங்களுக்கே வாடை அடித்தது. ஆனால் அவனிடமிருந்து ரத்தம் எடுக்க ஏழு மணி நேரம் ஆனது.

வழக்கு இரண்டு வருஷம் நடந்தது. வாய்தா தவறாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை மண்டையில் ஏறவில்லை. தீர்ப்பன்று லாரிக்காரன் தன் மனைவியைக் கட்டிக்கொண்டு அழுதான். ஜெயிலுக்குப் போகிறானே என்று அழுகிறான் என நினைத்தேன், வயிறு குளிர்ந்தது. பார்த்தால் இரண்டு பேரும் முன்வாசல் வழியாக வீட்டுக்குப் போகிறார்கள்.

வெளியே மரத்தடியில் மனு தட்டச்சு செய்கிற அம்மாள் ஒருத்தி இருந்தாள். நான் திருதிருவென்று நின்றதைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

“என்னய்யா, சினிமால தூங்கிட்டுக் கடைசி சீன்ல முழிச்சவன் மாதிரி நிக்கிற? தீர்ப்பக் குடு, படிக்கிறேன்.”

அவள்தான் ஒவ்வொரு வார்த்தையாகப் பிரித்துச் சொன்னாள். முதலில் போட்டது ‘கொலையாகாத மரணம் விளைவித்தல்’. ஆள் சாகலாம் என்று தெரிந்தே ஒரு காரியத்தைச் செய்வது. ரத்தத்தில் சாராய அளவு தேறாததால் அதை ‘அலட்சியத்தால் மரணம்’ என்று குறைத்துவிட்டார்கள். தண்டனை இரண்டு வருஷம். அதுவும் ‘நிறுத்திவைக்கப்பட்டது’.

“அப்படின்னா?”

“மூணு வருஷம் ஒழுங்கா இருந்தா உள்ள போக வேணாம். அதுக்குள்ள மறுபடி குடிச்சிட்டு ஓட்டி மாட்டினான்னா, புதுசோட பழைய ரெண்டு வருஷமும் சேந்து வரும்.”

அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். மூன்று வருஷத்தில் ஒரு குடிகாரன் மறுபடி குடிக்காமலா இருப்பான்?

இருந்தான், ஐயா. சுத்தமாக விட்டுவிட்டான். முடக்கி வைத்திருந்த ஓட்டுநர் உரிமம் திரும்பி வந்ததும் மனைவியோடு என் வீட்டுக்கு வந்து காலில் விழுந்தான்.

“அண்ணே, ஆத்திரம் தீர நாலு அறை அறைஞ்சிடுங்க.”

நான் அறையவில்லை. தூக்கி நிறுத்தினேன். அவன் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “உங்க கிடங்குக்குத்தான் மறுபடி லோடு அடிக்கப் போறாரு. சேர்க்கை சரியில்லாமப் போயிடாம நீங்கதான் பாத்துக்கணும்ண்ணே” என்றாள்.

“நான் பாத்துக்கிறேம்மா” என்றேன்.

அப்போது நான் மேஸ்திரி ஆகியிருந்தேன். எந்த லாரியை முதலில் இறக்குவது என்பது என் வாய்ச்சொல்லில் இருந்தது. அவன் லாரியை எப்போதும் கடைசியில் விட்டேன். தகரக் கூரைக்குக் கீழே நாலு மணி நேரம், ஐந்து மணி நேரம் காத்திருப்பான். சிமெண்ட் தூசி தொண்டையில் போய் ஒட்டிக்கொள்ளும், தண்ணீருக்குப் போகாது. எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு மடக்குச் சாராயத்தை வாயில் ஊற்றி, கொப்பளித்துத் துப்புவார்கள். தூசி அறுத்துக்கொண்டு வரும்.

“முழுங்கச் சொல்லலயே. கொப்பளிச்சுத் துப்பு. மருந்துன்னு நினைச்சுக்க” என்றேன்.

மூன்று வாரம் துப்பினான். நாலாவது வாரம் விழுங்கினான். ஆறாவது வாரம் அவனே கேட்டான். நான் யார் வாயையும் திறந்து ஊற்றவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

போன மாதம் நான் காத்திருந்த நாள் வந்தது. வழக்கத்தைவிடக் கூடுதலாகவே கொடுத்தேன். அவனுக்குக் கண் சொருகியது.

“அண்ணே, முடியல. கேபின்லயே ரெண்டு மணி நேரம் படுத்துட்டுப் போறேன்.”

குடித்தவன் செய்ய வேண்டிய சரியான காரியத்தைத்தான் செய்யப் பார்த்தான். ஆனால் தட்டச்சு அம்மாளிடம் முன்பே கேட்டு வைத்திருந்தேன். நிற்கிற வண்டிக்குள் குடித்துவிட்டுத் தூங்கினால் வழக்கு நிற்காது. சாலையில் சக்கரம் உருள வேண்டும்.

கேபின் கதவைத் தட்டி எழுப்பினேன். “கேட்ட மறிச்சு நிக்குதுடா. பின்னால ஏழு வண்டி ஆரன் அடிக்கிறான். எடு, எடு.”

பின்னால் ஒரு வண்டியும் இல்லை.

அவன் லாரி சாலையில் ஏறியபிறகுதான் பாலத்தடியில் நிற்கும் போலீசுக்குப் போன் செய்தேன். கிடங்குக்கும் பாலத்துக்கும் இரண்டு கிலோமீட்டர். அந்த நேரத்தில் துப்புரவுப் பெண்கள் சாலையோரம் மணல் கூட்டுவார்கள். தினமும் அந்த வழியாகத்தான் சைக்கிளில் போகிறேன், எனக்குத் தெரியும். இரண்டு கிலோமீட்டர்தானே, பார்த்துப் போய்விடுவான் என்று நினைத்தேன்.

போலீஸ் கையில் சிக்குவதற்கு முன்னூறு மீட்டர் இருக்கும்போது ஒரு பெண்ணின் மேல் ஏற்றிவிட்டான்.

இந்த முறை ஒரு மணி நேரத்தில் ரத்தம் எடுத்துவிட்டார்கள். அளவு தேறிவிட்டது. ‘கொலையாகாத மரணம்’ அசையாமல் நிற்கிறது. பழைய இரண்டு வருஷமும் சேர்கிறது. அவனை விலங்கோடு நீதிமன்றத்துக்குக் கூட்டிவந்தபோது போய்ப் பார்த்தேன். என்னைப் பார்த்து, “அண்ணே, என் வீட்டுக்காரிகிட்ட நீங்க சாராயம் கொடுக்கலன்னு சொல்லிட்டேன்” என்றான். என்னைக் காப்பாற்றுகிறானாம். அப்போதும் எனக்கு அவன்மேல் இரக்கம் வரவில்லை. இப்போதும் இல்லை. என் பெயரை வழக்கில் சேருங்கள் ஐயா, அவன் பெயரை மட்டும் அடித்துவிடாதீர்கள்.

அன்றைக்கு நீதிமன்ற வராந்தாவில், குற்றப்பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்தபடி ஒருவர் உட்கார்ந்திருந்தார். தோளைப் பார்த்தாலே தெரிந்தது, சுமக்கிற ஆள். செத்த பெண்ணின் அண்ணன். “இதுல என்ன போட்டிருக்குன்னு யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க” என்றார். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தையாக விளக்கினேன். எல்லாவற்றையும் சொன்னேன், குற்றத்துக்கு இன்னொருவனை ஏவிவிடுகிற ‘தூண்டுதல்’ என்ற ஒன்றைத் தவிர. அந்தக் காகிதத்தில் அது இல்லை.

என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “நீங்க நல்லாயிருக்கணும். கூடப் பிறந்தவங்க யாராச்சும் இருக்காங்களா உங்களுக்கு?”

இல்லை என்றேன்.

லாரிக்காரனுக்கு நான் எதுவும் தர வேண்டியதில்லை. அந்த அண்ணனுக்கு ஒரு தங்கை பாக்கி.