வடக்கு வாசல் கதவை விலை பேசியது சம்பந்தமாக

முற்றுகை நீங்கிய ஒன்பதாம் நாள் காலை, விசாரணை மன்றத்தின் கீழ் அறையில், மன்ற எழுத்தர் கேட்கச் சொன்னது.

என்னை ஊரில் ஜவ்வு என்று கூப்பிடுவார்கள். வீட்டில் வைத்த பெயரைச் சொன்னால் என் மனைவியே யார் அது என்று கேட்பாள். வயது ஐம்பத்து நான்கு. தொழில் தோல் வியாபாரம். குடியிருப்பு வடக்கு மதில் தெரு, கிணற்றுக்கு எதிரே, கீழே கடை, மேலே வீடு. பதினோரு வயதில் பச்சைத் தோலிலிருந்து ஜவ்வு உரிக்கும் வேலைக்குச் சேர்ந்ததால் இந்தப் பெயர் வந்தது என்று நான் சொல்வேன். பேரத்தை ஜவ்வாக இழுப்பதால் வந்தது என்று என்னிடம் சரக்கு வாங்கியவர்கள் சொல்வார்கள். இரண்டும் உண்மை. எழுத்தர் முதலில் என்னை எதிரி என்று எழுதினார். குற்றம் சாட்டப்பட்டவனுக்கு மன்றத்தில் அதுதான் சொல் என்றார். மதிலுக்கு வெளியே இருந்தவர்களுக்கும் அதே சொல்லைத்தான் எழுத வேண்டியிருக்கும், படிப்பவர் குழம்பிப்போவார் என்று நான் சொன்னதன் பேரில் ஜவ்வு என்றே எழுதச் சம்மதித்தார்.

முற்றுகைக் காலத்தில் ஊர்ச் சபையின் உத்தரவை மீறி, பெரிய கதவுக்குள் இருக்கும் சிறு கதவான திட்டிவாசல் வழியாக வெளியே போய், புல்வெளிப் படைத்தலைவரிடம் வடக்கு வாசல் கதவை விலை பேசினேன் என்பது குற்றச்சாட்டு. விலை பேசியது உண்மை. விற்றேன் என்பது பொய். இரண்டுக்கும் நடுவே பதினோரு நாள் இருந்தது. திட்டிவாசலைத் திறந்துவிட்டதற்காக வாசல் காவல் தலைவரான என் மைத்துனரை அடுத்த அறையில் வைத்திருக்கிறார்கள். குற்றம் உறுதியானால் எனக்கு ஊரை விட்டு வெளியேற்றம், அவருக்குத் தலை போகும். தீர்ப்பு நாளை மறுநாள். நடுச்சுவர் மெல்லியது. அவர் இருமுவது இங்கே கேட்கிறது.

புல்வெளிக்காரர்களை எப்படித் தெரியும் என்று கேட்டதற்குச் சொல்கிறேன். பதினேழு வயது முதல் ஆறு வருடம் அவர்களுடைய சரக்கு வண்டிகளோடு தோல் பதனிடுபவனாகச் சுற்றியிருக்கிறேன். அவர்கள் ஏழு கூடாரக் கூட்டங்கள். முன்னோர்கள் வழிப்பறிக்காரர்கள், அதை அவர்களே சொல்வார்கள், வெட்கப்படுவதில்லை. கொள்ளை போன வண்டி ஒரு தரம்தான் வரும், காவல் கொடுத்த வண்டி வருடா வருடம் வரும் என்று கண்டுகொண்ட ஒரு தலைவியின் காலத்தில் அவர்கள் வியாபாரிகள் ஆனார்கள். அந்த அம்மாளின் இரண்டு மகன்கள் ஒரு பெண் குதிரையை விலை பேசும்போது வார்த்தை தடித்து ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டு செத்தார்கள். இருவரையும் ஒரே குழியில் வைத்து மூடிய பிறகு, கையில் ஒட்டிய மண்ணைத் தட்டாமலே அவர் ஒரு சட்டம் போட்டார். விலை பேசுகிற இருவரும் வலது கையை ஒரே சட்டைக் கைக்குள் விட்டு, விரலைப் பிடித்துத்தான் தொகையைச் சொல்ல வேண்டும். இரு பக்கத்துக்கும் ஆளுக்கொரு சாட்சி நிற்க வேண்டும். பேரம் முடிகிறவரை யாரும் வில்லில் நாண் ஏற்றக் கூடாது. வலது கை மாட்டிக்கொண்டிருந்தால் வாளை எடுக்க முடியாது என்பது அவர் கணக்கு. இருநூறு வருடமாக இதை மீறிய தலைவன் எவனையும் அவனுடைய ஆட்களே உயிரோடு விட்டதில்லை. அத்தனை பெரிய புல்வெளியில் அவர்களுக்குக் கோட்டையும் இல்லை, மன்றமும் இல்லை. அந்தச் சட்டைக் கைதான் அவர்களுடைய சாம்ராஜ்யம்.

அவர்கள் சண்டை போடும் விதமும் எனக்குத் தெரியும். மதில் ஏற மாட்டார்கள். ஒரு வரிசை குதிரையில் வந்து எய்துவிட்டுத் திரும்பும், அது திரும்பும்போதே அடுத்த வரிசை வந்துவிடும், மதில் மேல் இருப்பவன் தலை தூக்க முடியாது. அந்த நேரத்தில் எருதுகள் பூட்டிய இரும்புக் கொக்கியைப் பலவீனமான இடத்தில் மாட்டி இழுப்பார்கள். நம் மதிலில் அந்த இடம், வடக்கு வாசலை ஒட்டிப் போன மழையில் விழுந்த இருபது முழம். பலகையும் தோலும் வைத்து அடைத்திருக்கிறது. தோல் என் கடைத் தோல், அதில் எலி கடித்த ஓட்டை எத்தனை என்பது வரை எனக்குத் தெரியும். இரண்டு நாளுக்கு மேல் தாங்காது.

நம் சபை அவர்களுடைய உப்பு வண்டிகளைப் பறிமுதல் செய்ததை ஒட்டி அவர்கள் வந்து இறங்கிய அன்று, நான் மாடியில் தோல் காயப்போடும் இடத்தில் நின்று பார்த்தேன். பத்தாயிரம் வீரர்கள். ஆளுக்கு நான்கு குதிரை. நாற்பதாயிரம் வாய்க்கு மதிலைச் சுற்றி இருந்த புல் பன்னிரண்டு நாளைக்கு வரும். அடுத்த புல் மூன்று நாள் பயணத்தில் இருக்கிறது. ஆக, ஊரைப் பிடிக்க அவர்களுக்கு இரண்டு நாள் போதும், ஊர் பிழைக்க நமக்குப் பன்னிரண்டு நாள் வேண்டும். அதன் பிறகு கீழே இறங்கி வந்து இதை மனைவியிடம் சொன்னேன். அவள் அடுப்பை ஊதிக்கொண்டே, "நீங்க ஒரு பானை வாங்கப் போனாலே பானைக்காரன் கடையைச் சாத்திட்டு ஓடுறான். அந்தப் படைக்காரங்ககிட்டயும் போய்ப் பேசுங்களேன், ஓடட்டும்" என்றாள். அவள் கிண்டலாகத்தான் சொன்னாள். நான் அதைச் சரக்காக எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் வடக்கு வாசலுக்குப் போனேன். மைத்துனர் காவலில் இருந்தார்.

"மாப்ளே, திட்டிவாசலைத் திற."

"வேற வேலை இல்லையா மச்சான்? திறந்தா என் தலை போயிடும்."

"திறக்கலைன்னா எல்லார் தலையும் போகும். சில்லறையாப் போறதா, மொத்தமாப் போறதான்னு பார்த்துக்க."

"இதுலயுமா சில்லறை, மொத்தம்?"

அதன் பிறகு புல் கணக்கைச் சொன்னேன். அவர் தன் இடுப்புச் சாவியை அவிழ்த்தார். அதன் பிறகு திறந்தார். சாட்சி வேண்டும் என்பதால் அவரையும் கூட வரச் சொன்னேன், வந்தார். காவல் பொறுப்பை அடுத்தவரிடம் முறையாக ஒப்படைத்துவிட்டுத்தான் வந்தார், இதைத் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். சபையிடம் அனுமதி கேட்டிருக்கலாமே என்று எழுத்தர் கேட்டார். கேட்டிருந்தால் சபை கூடிப் பேசி முடிக்கவே மூன்று நாள் ஆகியிருக்கும். இழுப்பதில் அவர்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள், ஆனால் தவறான பக்கம் இழுப்பார்கள்.

படைத்தலைவர் என் வயதுக்காரர். ஒரு காது மடல் இல்லை. கூடாரத்தின் முன் உட்கார்ந்து சேணத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். தோல் நல்ல தோல். தையல் சுமார். என்னைப் பார்த்து, "தோல்காரரே, என்ன விக்க வந்தீங்க?" என்று சந்தை பாஷையில் கேட்டார். "கதவு" என்றேன். "எந்தக் கதவு?" என்றார். திரும்பி வடக்கு வாசலைக் காட்டினேன். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. கை நீட்டி வந்த வியாபாரியைத் திருப்பி அனுப்புவது அவர்களிடம் போரில் முதுகு காட்டுவதைவிடக் கேவலம். முதுகு காட்டுவது அவர்களுக்கு வெறும் தந்திரம். அவர் எண்ணெய்த் துணியைக் கீழே வைத்துவிட்டுச் சட்டைக் கையை நீட்டினார். நான் கையை உள்ளே விட்டேன். அதன் பிறகு படை முழுவதும் நாணை அவிழ்த்துச் சுருட்டித் தொப்பிக்குள் வைத்துக்கொண்டது. மழை விட்ட பிறகு கூரைகள் சொட்டுகிற மாதிரி ஒரு சத்தம், முகாமின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை போயிற்று.

நான் கேட்ட விலை நாற்பதாயிரம் குதிரை. அவர் சொன்னது ஒரு குதிரை, அதுவும் நொண்டி. அவர்கள் சட்டப்படி ஒவ்வொரு நாளும் விடிந்ததும் கையை உள்ளே விட வேண்டும், பொழுது சாய்வதற்குள் இருவரும் தொகையை மாற்ற வேண்டும், எவ்வளவு மாற்றுவது என்பது அவரவர் இஷ்டம். மறுநாள் நான் ஒரு குதிரை குறைத்தேன். நாற்பதாயிரத்தைச் சொல்ல நான்கு விரலை ஒரு தரம் பிடித்தால் போதும். முப்பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதைச் சொல்ல ஐந்து தரம் பிடிக்க வேண்டும், நடுவில் யாராவது தும்மினால் மறுபடி முதலிலிருந்து. எனக்கு அந்த வாரம் நல்ல சளி.

ஆறாம் நாள் நடந்ததையும் சொல்கிறேன். கை சட்டைக்குள் இருந்தபோது மதில் மேலிருந்து ஓர் அம்பு வந்து என் வலது தொடையில் தைத்தது. நம் அம்பு. படைத்தலைவர் என் தொடையைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்தார். நான் கையை உருவினால் பேரத்தை நாமே முறித்ததாக ஆகும். நான் உருவவில்லை. "உங்க ஆளுங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க. இன்னும் விலையை ஏத்தச் சொல்றாங்க" என்றேன். அன்றுதான் அவர் முதல் தடவை சிரித்தார். அதன் பிறகு என் மைத்துனர் தன் தலைப்பாகையைக் கிழித்துக் காலைக் கட்டினார். கட்டி முடிக்கும்வரை நான் விரலை அசைக்கவில்லை, அசைத்தால் அதையும் ஒரு தொகையாக எடுத்துக்கொள்வார்கள். எய்தவர் யாரென்று தெரியும், பெயர் சொல்ல விருப்பமில்லை. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். நான் எய்தவனையும் நோகவில்லை. எய்யச் சொன்ன சபைத் தலைவர் இந்த வழக்கில் புகார்தாரராக இருக்கிறார், அவ்வளவுதான்.

எட்டாம் நாள் எனக்கு நிஜமான ஆபத்து வந்தது. படைத்தலைவர் விரலைப் பிடித்து, நான் கேட்ட தொகையை அப்படியே சொன்னார். பேரம் பேசுகிறவனை வீழ்த்த அது ஒன்றுதான் வழி, கேட்டதைக் கொடுத்துவிடுவது. கதவைத் திறந்து நாற்பதாயிரம் குதிரையையும் உள்ளே ஓட்டிவிட்டால் குதிரையும் அவருடையது, ஊரும் அவருடையது. புல் இன்னும் நான்கு நாளைக்கு இருந்தது. என் மைத்துனர் கண்ணை மூடிக்கொண்டார். நான் அவசரப்படாமல் மூக்கைச் சிந்திவிட்டு, "சந்தோஷம். அது பலகைக்கு விலை. கீலுக்கு என்ன தர்றீங்க?" என்று கேட்டேன்.

அவர் தன் சாட்சியைத் திரும்பிப் பார்த்தார். அந்தச் சாட்சி வயதானவர், சட்டம் தெரிந்தவர், அவர் யோசித்துவிட்டு, கதவு வேறு கீல் வேறுதான் என்று தலையசைத்தார். அதன் பிறகு கீலுக்கு ஒரு நாள் ஆயிற்று. தாழ்ப்பாளுக்கு ஒரு நாள் ஆயிற்று. அதன் பிறகு ஆணி. வடக்கு வாசல் கதவில் நூற்றுப் பன்னிரண்டு ஆணி இருக்கிறது. துருப்பிடித்ததற்கு ஒரு விலை, பிடிக்காததற்கு ஒரு விலை, தலை வளைந்ததற்குத் தனிப் பேச்சு. பதினோராம் நாள் மாலை அறுபத்தோராவது ஆணி முடிந்தபோது குதிரைகள் கூடாரக் கம்புகளின் பட்டையைக் கடித்துக்கொண்டிருந்தன.

படைத்தலைவர் சுற்றிலும் ஒரு முறை பார்த்தார். "தோல்காரரே, நீங்க கதவு விக்க வரலை. என் புல்லைத் தின்ன வந்தீங்க" என்றார். "வியாபாரத்துல அவசரம் ஆகாதுங்க" என்றேன். அவர் இடது கையால் ஒரு சிறு கத்தியை எடுத்தார். அவர் தன் சட்டைக் கையின் ஓரத்தை ஒரு விரல் அகலத்துக்கு அறுத்து, என் வலது மணிக்கட்டில் சுற்றி முடிச்சுப் போட்டார். "அடுத்த வருஷம் புல் வளரட்டும். அறுபத்திரண்டாவது ஆணியிலேர்ந்து பேசலாம்" என்றார். அதன் பிறகு கூடாரங்களைப் பிரித்தார்கள். பன்னிரண்டாம் நாள் விடிந்தபோது வெளியே சாணமும் மொட்டைத் தரையும்தான் இருந்தன. அன்றே என்னையும் மைத்துனரையும் கைது செய்தார்கள். காவலர் விலங்கு மாட்டுவதற்காக மணிக்கட்டுத் துணியை அறுக்கப் பார்த்தார். நான் இடது கையை நீட்டினேன், அதில்தான் விலங்கு இருக்கிறது.

அப்படியானால் இவன் இன்னும் கதவை விற்கும் எண்ணத்தில்தான் இருக்கிறான் என்று சபைத் தலைவர் சொல்வதாக எழுத்தர் படித்துக் காட்டினார். ஆமாம். ஐம்பத்தோரு ஆணி பாக்கி இருக்கிறது. இந்தத் துணி என் கையில் இருந்து, இரு பக்கச் சாட்சிகளும் உயிரோடு இருக்கிறவரை பேரமும் உயிரோடு இருக்கிறது. பேரம் இருக்கிறவரை இந்த ஊரைப் பார்த்து அவர்களில் ஒருவரும் நாண் ஏற்ற மாட்டார்கள். வேறு சாட்சியை நிறுத்த அவர்கள் சட்டத்தில் இடமில்லை. விற்கிற பக்கம் தன் சாட்சியைத் தானே கொன்றால், பேரத்தை முறித்தது நாம் என்று ஆகும். முறித்தவனின் ஊரை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். வெளியேற்றப்பட்டவனுக்கு விற்கக் கதவும் கிடையாது, அதுவும் முறித்ததுதான். முதல் நாள் காலை மைத்துனரை ஏன் கூட்டிக்கொண்டு போனேன் என்பதற்கும் இதுவே பதில். சாட்சியாக்கிக் காப்பு வைக்காமலா ஒருவனைத் தலையைக் கொடுக்கச் சொல்வேன்? என் மனைவிக்கு ஒரே தம்பி.

ஆகவே மன்றத்திடம் கருணை கேட்கவில்லை, இரண்டு ஏற்பாடுகள் கேட்கிறேன். என் மைத்துனருக்கு இருமல் கூடியிருக்கிறது, அவரை உடனே வீட்டுக்கு அனுப்பி வைத்தியரைக் காட்ட வேண்டும். அவருடைய உடம்பு இப்போது ஊர்ச் சொத்து. இரண்டாவது, வடக்கு வாசலில் துருப்பிடித்த ஆணிகளைப் பிடுங்கிப் புதிது அடிக்கத் தச்சரை அனுப்பியிருப்பதாகக் கேள்வி. அதை நிறுத்த வேண்டும். விலை பேசிக்கொண்டிருக்கும் சரக்கில் கை வைக்கக் கூடாது. விழுந்த இருபது முழத்தைக் கல் வைத்துக் கட்டட்டும், அது பேரத்தில் இல்லை.

இந்த வாக்குமூலத்தைப் படித்துக் காட்டக் கேட்டேன். "விற்க முயன்றது" என்று ஓர் இடத்தில் இருந்ததை "விற்காமல் இருக்க முயன்றது" என்று திருத்தச் சொன்னேன், திருத்தப்பட்டது. மற்றபடி எல்லாம் நடந்தபடியே சொன்னது, சொன்னபடியே எழுதியது, யாரும் என்னை வற்புறுத்தவில்லை. எனக்கு எழுதத் தெரியும். வலது கை இன்னும் பேரத்தில் இருப்பதால் இடது கையால் ஒப்பமிடுகிறேன். கோணலாக இருப்பதற்கு மன்றம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

(இடது கை ஒப்பம்)
ஜவ்வு