லிஸ்டில் ஏறாத பெட்டி

சீசன் கூட்டத்தில் குற்றாலம் வழி செங்கோட்டை போகிற பஸ் நகரவே இல்லை. எனக்கு முன்சீட்டில் ஒரே ஆபீஸில் வேலை பார்க்கிற இருவர்: ஓர் இளைஞர், நடுவயது அம்மா ஒருவர். இளைஞர்தான் ஆரம்பித்தார்.

“அது கம்ப்யூட்டரே இல்லையாம்க்கா. ஹெட் ஆபீஸ்ல சொல்லுதான்.”

“என்ன தம்பி சொல்லுதிய? டோக்கன் குடுக்குத சின்னப் பெட்டியா? அது இல்லன்னா நம்ம ஆபீஸ்ல ஒரு வேல ஓடாதே!”

“ஓடாதுதான். எத்தன மிஷின் இருக்குன்னு எண்ணுததுக்கு ஒரு சாஃப்ட்வேர் அனுப்பியிருக்கான். நம்ம பெட்டில இருக்கது வேற மாதிரி பிராசசர், சாஃப்ட்வேர் அதுல ஏற மாட்டேங்கு. ஏறலன்னா லிஸ்ட்ல வராது. லிஸ்ட்ல வராதத திங்கக்கெழம தூக்கி வெளிய போடணும்ங்கான்.”

“மேனேஜர் ரூம்ல ஒண்ணு யாரும் தொடாம சும்மா ஓடிக்கிட்டுக் கெடக்கே, அது?”

“அதுல ஒரே அமுக்குல ஏறிட்டு. தெனமும் ‘நல்லா இருக்கேன்’னு ரிப்போர்ட் அனுப்புது.”

அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

“பன்னெண்டு வருசமா காண்ட்ராக்ட்ல இருக்கேன். என் பேரும்தான் ஸ்டாஃப் லிஸ்ட்ல ஏறல, தம்பி. அந்தப் பெட்டியத் தூக்கி வெளிய போட மட்டும் என்னயத்தான் கூப்பிடுவான், பாருங்க.”