வளைந்து தெரிந்த நூலும் நேராய் நின்ற சுவரும்

கல்லுக்கும் கலவைக்கும் கட்டுப்பட்ட கைக்காரரே! வெயிலிலும் மழையிலும் வேலையை விட்டு நகராத வைராக்கியரே! வடக்கனந்தல் தெருவிலிருந்து வெள்ளிமலை உச்சிவரை வாசக்கால் நிறுத்தி, வாழ வருகிறவர்களுக்கு வழிவிட்டு விலகி நின்ற வள்ளலே! எங்கள் மேஸ்திரி சவரியப்பன் அவர்களே! உங்களோடு மண் சுமந்து, மணல் சலித்து, முதுகு வளைந்த நாங்கள் வணங்கி வாசிக்கும் மடல் இது.

சர்க்கார் உத்தியோகக்காரர்களுக்கு ஓய்வு தாளில் வரும். நமக்கு அது உடம்பில்தான் வரும். ஒருவருக்கு இடுப்பில் வரும், ஒருவருக்கு மூச்சில் வரும். உங்களுக்குக் கண்ணில் வந்தது. சாரத்தில் பலகை இல்லாத இடத்தில் பலகை இருப்பதாக நினைத்து நீங்கள் கால் வைத்த அன்று, பக்கத்தில் நின்ற கொத்தனார் ஆல்பர்ட் உங்கள் இடுப்பைப் பிடித்திராவிட்டால், இந்த மடலை வேறு இடத்தில் நின்று வாசித்திருப்போம். அன்று மாலை கரண்டியைக் கழுவித் துடைத்துச் சாக்கில் சுருட்டினீர்கள். அதைத்தான் உங்கள் ஓய்வு என்று எடுத்துக்கொண்டு, ஆள் ஆளுக்கு அரைநாள் வேலையை விட்டுவிட்டு இங்கே கூடியிருக்கிறோம்.

நூல் பிடிப்பதில் உங்களுக்கு நிகர் நீங்களே! வலது கண்ணை மூடி, இடது கண்ணைச் சுருக்கி, கன்னத்தை நூலோடு ஒட்டி நீங்கள் பார்க்கும்போது, கோணல் இருந்தால் கல்லே கூசி நிமிரும் என்று பேசிக்கொள்வோம். மேஸ்திரி கண் சொன்னதுதான் எங்களுக்கு மட்டம். குமிழி பார்க்கிற ரசமட்டமெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அந்தக் கண்தான் உங்களை ஏமாற்றியது. கல்வராயன் மலையில் பால்வாடிக்குச் சுவர் எழுப்பிய நாளை நாங்கள் மறக்கவில்லை.

“எவன்டா நூலப் புடிச்சவன்? நடுவுல தொப்பை வுட்டுக்கினு நிக்குது!” என்று சத்தம் போட்டீர்கள். நூல் கட்டிய முனியன் இழுத்த இழுப்பில் ஆணி கையோடு வந்தது. வேறு ஆணி அடித்துக் கட்டியும், “இன்னும் தொப்பைதான்” என்றீர்கள்.

“இதுக்கு மேல இழுத்தா மலைக்கு அந்தாண்ட கீற சேலமே இங்க வந்துடும் மேஸ்திரி!” என்றான் முனியன்.

சுவரைப் பிரிக்கச் சொன்னீர்கள். பிரித்தோம். ஒட்டிய கலவையைச் சுரண்டிவிட்டு, அதே கல்லை அதே இடத்தில் மறுபடி வைத்தோம். மறுபடி கட்டிய சுவரும் உங்களுக்கு வளைந்தே நின்றது.

அப்போதுதான் நம் சித்தாள் கொளஞ்சியம்மாள் கலவைச் சட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: “எப்பப் பாத்தாலும் சோத்தாங்கைப் பக்கத்துக் கண்ணையே மூடிக்கினு பாக்கிறீங்க. ஒரு தபா அதத் தொறந்துட்டு இத மூடிப் பாருங்களேன் மேஸ்திரி. பாவம் அந்தச் செவுரு, எத்தினி வாட்டிதான் ஒதை வாங்கும்?”

நாங்கள் சிரித்தோம். நீங்கள் சிரிக்கவில்லை. கண்ணை மாற்றி மூடினீர்கள். நூல் நேராகத் தெரிந்தது. மறுபடி மாற்றினீர்கள். வளைந்தது. நடுவில் தொங்கிய தூக்குக்குண்டைக் கருப்பாக ஏதோ மறைக்கிறது என்று மெதுவாகச் சொன்னீர்கள். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது நல்ல கண் கெட்ட கண்ணின் குற்றத்தை மூடிவிடுகிறது. வீட்டிலும் வழியிலும் உங்களுக்கு அந்தக் கோளாறு தெரியாமல் போனது அதனால்தான்.

கண் டாக்டர் சொன்னதை உங்கள் துணைவியார் கிரேஸ் அக்கா எங்களிடம் வந்து சொன்னார். “ரத்தம் கம்மின்னுதான் ஊர் டாக்டருங்க சொல்லுவாங்க. எங்கூட்டுக்காரருக்கு ரத்தக்குழா ஜாஸ்தியாம்” என்று சிரித்தவர், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கண்ணின் பின்சுவரில் இருப்பது விழித்திரை. நேராகப் பார்க்கிற பார்வை அதன் நடுப்பகுதியில் இருக்கிறது. வயதான கண்ணில் அந்த இடத்துக்கு அடியில், இருக்கக் கூடாத ரத்தக்குழாய்கள் புதிதாக முளைத்துவிட்டனவாம். நூலைவிட மெல்லிய அந்தக் குழாய்களிலிருந்து நீரும் ரத்தமும் கசிந்து திரை மேடு தட்டிவிட்டதாம். நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால், இடுக்கில் முளைத்த அரசங்கன்று வேர் விட்டுத் தளத்தைத் தூக்குகிற கதைதான். தளம் தூக்கினால் கோடு வளையாமல் என்ன செய்யும்? இடது கண்ணில் நடுப்பார்வை தழும்பாகிப் போனது. போனது திரும்பவில்லை.

அப்புறம் வலது கண்ணால் நூல் பார்க்கப் பழகினீர்கள். கச்சிராயபாளையத்து வேலையில் ஒரு காலை, நூலைப் பார்த்தவர் பார்த்தபடியே நின்றீர்கள். எவன்டா என்று கேட்கவில்லை. நீங்கள் திட்டாமல் இருந்ததுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. இதை எழுதுகிற அம்மாசியைப் பார்த்து, “வண்டிய எட்றா” என்றீர்கள். அன்றைக்கே கண் டாக்டரிடம் போனதால் அந்த வலது கண் தப்பியது. மரத்துப்போக மருந்து விட்டு, கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டார்கள். கசிவு அடங்கியது. நூல் ஏறக்குறைய நிமிர்ந்தது.

பொறுமைக்கும் பொறுப்புக்கும் பேர்போன எங்கள் பெரியவரே! அந்த ஒரு கண்ணுக்கு ஊசி போட நீங்கள் இப்போது போவதில்லை என்று கேள்விப்பட்டோம். கோடு வளைகிறதா என்று தினமும் பார்க்கச் சொல்லி டாக்டர் கொடுத்த கட்டம் போட்ட அட்டை உங்கள் வீட்டில் தண்ணீர்ச் சொம்புக்கு மூடியாக இருப்பதையும் பார்த்தோம். அக்கா கேட்டதற்கு, “ஊசி போட்டா போன பார்வை வருமான்னா வராதாம். இருக்கிறது நிக்குமாம். நிக்கிறதுக்கு எதுக்குடி இத்தினி ஊசி?” என்றீர்களாம். அலுத்துப் போய்ச் சொல்கிறீர்கள். அலுப்பு என்றால் என்னவென்று எங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் மேஸ்திரி, நிற்பதற்குத்தானே நாம் சுவரே கட்டுகிறோம்?

பொன்னாடை வாங்கவில்லை. எலவனாசூர்கோட்டையில் இருக்கும் மகள் வீட்டுக்கு நீங்கள் போயிருந்தபோது, உங்கள் கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் ஆல்பர்ட் அந்த அட்டை மாதிரியே சின்னச் சின்ன வெள்ளை டைல்ஸ் பதித்து, இடுக்கில் கருப்புப் பூசி, நடுவில் ஒரு கருப்புப் பொட்டு வைத்திருக்கிறான். அதுதான் எங்கள் பரிசு. தினமும் காலையில் எழுந்ததும் இடது கண்ணை மூடி, வலது கண்ணால் அந்தப் பொட்டைப் பாருங்கள். ஊசிக்கு டாக்டர் சொன்ன தேதியில் தவறாமல் போய் வாருங்கள். கொளஞ்சியம்மாள் துணைக்கு வருவாள். வேண்டாம் என்றால் அவள் வாயை நீங்கள்தான் தாங்க வேண்டும்.

எத்தனை ஆண்டு வாழ்வீர்கள் என்பது ஆண்டவர் கணக்கு. அத்தனை ஆண்டும் அக்காவின் முகம் உங்களுக்கு முழுதாய்த் தெரிய வேண்டும் என்பது எங்கள் வேண்டுதல்.

கடைசியாக ஒன்று. பொட்டைச் சுற்றியுள்ள கோடு என்றைக்காவது தொப்பை விட்டுத் தெரிந்தால், எவன்டா வச்சது என்று வாய் நிறையத் திட்டுங்கள். எங்களுக்குப் பழக்கம்தான். திட்டி முடித்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு அன்றைக்கே பஸ் ஏறுங்கள். டைல்ஸை ரசமட்டம் வைத்துப் பார்த்துத்தான் பதித்தோம். அது நேராகத்தான் இருக்கிறது, மேஸ்திரி.

இப்படிக்கு,
உங்கள் நூலுக்கு நின்ற ஆட்கள்:
ஆல்பர்ட், முனியன், கொளஞ்சியம்மாள்,
எழுதிய அம்மாசி
வடக்கனந்தல்