மூன்று தடவை கேட்டாள்

பகல் ஒரு மணி. ஆள் நடமாட்டமே இல்லாத ரோடு. பேய்க்கு ராத்திரிதான் வேண்டும் என்று யார் சொன்னது? உச்சிவேளையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போகாதே என்று ஊரில் சும்மாவா சொன்னார்கள்... ரகுநாதன், அந்தக் கதவைச் சாத்து. குளிருகிறது.

இது நம் லேப் கோபாலனுடைய அக்கா சியாமளாவுக்கு நடந்தது. கோபாலன் கதை அளக்கிற ஆள் இல்லை. அவனுக்கு அவ்வளவு கற்பனை கிடையாது. அக்கா வீட்டுக்காரர் சந்திரமௌலிக்கு ஜெர்மனியில் இதே கார்ல்ஸ்ரூஹே ஊரில்தான் ஆராய்ச்சி. கல்யாணமாகி எட்டு வருஷம் ஏறி இறங்காத கோயில் இல்லை, அப்புறம் பிறந்த ஒரே பெண் பாமா. மூன்றரை வயது. அவள் தும்மினால் சியாமளாவுக்கு உயிர் போய் உயிர் வரும்.

சியாமளாவுக்கு ஜெர்மன் அரைகுறை. ஆனால் புரியவில்லை என்று சொல்லக் கூச்சம். யார் என்ன கேட்டாலும் சிரித்துக்கொண்டே பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டுவாள். அப்படித்தான் வாக்வம் கிளீனர் விற்க வந்தவனிடம் தலையாட்டி, வீட்டில் ஒன்றுக்கு இரண்டாக வந்து நின்றது. சந்திரமௌலி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

எழுபத்தொன்றாம் வருஷம், ஜூன் மாதம். ஜெர்மன்காரர்கள் எல்லாரும் வெயில் காய ஸ்பெயின் நாட்டு மயோர்க்கா தீவுக்குப் போகிறார்களே என்று இவர்களும் மலிவு டிக்கெட்டில் ஐந்து நாள் போனார்கள். வெயிலுக்குப் பயந்து வளர்ந்த ஜனங்கள், வெயிலைத் தேடி விமானம் ஏறின கூத்தைப் பாருங்கள்.

மூன்றாம் நாள். சாப்பிட்டுவிட்டு சந்திரமௌலி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பாமா நச்சரித்தாள் என்று அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு சியாமளா நடந்தாள். இரண்டு பக்கமும் கல் சுவர். பாதாம் மரங்கள். எல்லா வீட்டு ஜன்னலும் சாத்திக் கிடந்தன. சில்வண்டு மட்டும் விடாமல் கத்திக்கொண்டிருந்தது... திடீரென்று அதுவும் நின்றது.

கிறீச்... கிறீச்... கிணற்றுக் கப்பிச் சத்தம். பாசி வாசனை.

ஒரு வீட்டு வாசற்படியில் கறுப்பு உடுத்திய கிழவி. தகரக் குவளையில் தண்ணீர் நீட்டினாள். பாமா மடமடவென்று குடித்தாள். கிழவி பிள்ளையைக் காட்டினாள்... தன் மார்பைத் தொட்டாள்... ஏதோ கேட்டாள். சியாமளாவுக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. சிரித்தாள். தலையாட்டினாள். நம்பாதவள் போலக் கிழவி மறுபடி கேட்டாள். மூன்றாம் தரமும் கேட்டாள், நிறுத்தி, நிதானமாக. மூன்று தடவையும் நம் ஆள் தலையாட்டினாள்.

"என்னத்துக்குத் தலையாட்டினே?" என்று, அறைக்குத் திரும்பி அவள் சொன்னதும் கேட்டார் சந்திரமௌலி.

"தெரியலை. பாவம், வயசானவங்க."

"கிணத்தை உன் தலையில கட்டியிருப்பா. பார்த்துட்டு வரலாம், வா."

மறுநாள் போனார்கள். வாசற்படி இருந்தது. வாசல் இல்லை. கல் வைத்து அடைத்து, இடுக்கில் செடி முளைத்து, அதுவும் மணிக்கட்டுப் பருமனுக்குத் தடித்திருந்தது. வேறு ரோடாக இருக்கும் என்றார் அவர். கிணற்றுக் கயிற்றிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்ததைச் சியாமளா மட்டும் பார்த்தாள்.

கார்ல்ஸ்ரூஹேயில் அவர்களுக்கு மூன்றாம் மாடி வீடு. திரும்பி வந்ததும் பாமா பின்னறையில் தனியாகப் பேச ஆரம்பித்தாள். ஒன்று கேட்பாள்... நிறுத்துவாள்... "ம்" என்பாள். தனியாக வளர்கிற குழந்தை, அப்படித்தான் என்றார் சந்திரமௌலி. சியாமளா கல் உப்பைச் சுற்றிப் போட்டாள். ராத்திரியெல்லாம் பிள்ளையின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு படுத்தாள். அறையில் பாசி வாசனை மட்டும் போகவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை. சந்திரமௌலி கடைக்குப் போயிருந்தார். குப்பையைக் கொட்டச் சியாமளா இறங்கினாள். இரண்டாம் மாடியில் படி துடைத்துக்கொண்டிருந்தாள் பிலார். பிழைப்புக்காக ஜெர்மனி வந்த ஸ்பெயின்காரி. இரண்டு பேருக்குமே ஜெர்மன் தகராறு, அதனாலேயே சிநேகம். அன்றைக்குப் பிலார் துடைக்காமல், ஈரத் துணியோடு நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க வீட்டுல எங்க பக்கத்து அம்மா ஒருத்தர் இருக்காங்களா? நீங்க சொல்லவே இல்லையே."

"யாரும் இல்லையே. பாமாதான் தனியாப் பேசிட்டிருக்கா."

"குழந்தை பேசறது உங்க பாஷை. அது எனக்குத் தெரியாது. அவ கேக்கறதுக்கெல்லாம் ஒரு வயசான குரல் எங்க பாஷையில பதில் சொல்லுதே... அதைக் கேக்கறேன்."

சியாமளாவும் மேலே பார்த்தாள்.

"என்ன... என்ன சொல்றாங்க?"

பிலார் கொஞ்ச நேரம் காது கொடுத்தாள்.

"ஒண்ணுமில்லை. காலை நீட்டு கண்ணு, நேரமாச்சு, கிளம்பணும்னு சொல்றாங்க."

குப்பை வாளி படியில் உருண்டது. சியாமளா ஓடினாள். அதற்கு மேல் என்ன நடந்தது என்று கோபாலனைக் கேட்டால் வாயே திறக்க மாட்டான். அறைக்கதவைத் தள்ளியதும் அக்கா பார்த்ததை மட்டும் சொல்வான்.

பாமா தரையில் உட்கார்ந்திருந்தாள். கோட்டு மாட்டியாகிவிட்டது. ஒரு ஷூ கட்டியாகிவிட்டது. இன்னொரு காலை நீட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் மடியில் இருந்தன.

அந்த ஷூவின் லேஸ்... மெல்ல இறுகிக்கொண்டிருந்தது.