அடுத்த படகில் வருகிறோம்

— தலைவரே, ஏறுறீங்களா இல்லையா? காரும் கேரவனும் சேர்ந்து நிக்க இடம் இருக்கு.

— இல்ல தம்பி, நீ போ. நாங்க அடுத்த படகுல வர்றோம்.

— நெவில், வண்டியை எடு.

— இரு கிளெண்டா. இப்பதான் அடுப்புல டீ கொதிக்குது.

— தம்பி, ஒரு நிமிஷம் நில்லுப்பா. என் புருஷன் டீயைக் கீழ ஊத்திட்டு இப்ப வந்துடுவார்.

— பின்னால மூணு வண்டி நிக்குதும்மா. அவங்களை அக்கரையில விட்டுட்டு ஓடி வந்துடறேன்.

— பாத்தியா, ஓடி வந்துடுவானாம். இதுக்குப் போய் ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிற? உக்காரு. உனக்கும் ஒரு கப் ஊத்தறேன்.

— மூணு மணிக்கு நம்ம பொண்ணுக்குக் கல்யாணம். கூல்வா போக இன்னும் ரெண்டரை மணி நேரம் ஆகும். மணி பன்னெண்டு. நீ டீ ஊத்தற.

— நிதானமா போலாம்னுதானே கிளம்பினோம்? ஆத்தோரமா, ஊர் ஊரா, ராத்திரி கரையில தங்கி. வெயில் காலத்துல வந்தா ஈ, குளிர் காலத்துல வந்தா சேறு. இலை உதிர்ற இந்த ஏப்ரல்லதான் ஆறு ஆறா இருக்கும். மரமெல்லாம் எப்படி மஞ்சளாயிடுச்சு பாரு.

— ஆத்தைப் பத்தி என்கிட்ட பேசாத. சும்மா இருக்கிற ஆத்து மேலயே எனக்கு வெறுப்பு வந்துடுச்சு. ஸ்வான் ஹில்ல ஒரு மீனுக்காக மூணு நாள் உக்கார வச்ச.

— அது மீன் கடிக்கிற பருவம்.

— கடிச்சுதா?

— ஒண்ணு கடிச்சுதுல்ல?

— அதையும் அளவு பத்தலைன்னு திரும்ப ஆத்துலயே விட்ட.

— சட்டம் அப்படி. நான் என்ன பண்ண?

— சட்டமா? மாநில எல்லைக்கு இந்தப் பக்கம் பழம் கொண்டு வரக்கூடாதுன்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பழ ஈ பரவும்னு வழி நெடுக போர்டு வச்சிருக்கான். நீ ஒரு பெட்டி பேரிக்காய ஏத்திட்டு வந்த. தொட்டியில கொட்டுன்னா, ரோட்டோரமா நாற்காலியப் போட்டு உக்காந்து அத்தனையையும் நீயே தின்ன.

— நம்ம மரத்துக் காய், கிளென். குப்பையில போட மனசு வரல.

— அப்புறம் வயித்தால போயி, ரென்மார்க்ல கக்கூஸ் பக்கத்துலயே கேரவனை நிறுத்தச் சொன்ன. அங்க ரெண்டு நாள்.

— உடம்பு முடியாமப் போறதுக்கெல்லாம் மனுஷன் பொறுப்பா?

— சரி. டயர்?

— டயருக்கு என்ன?

— நேத்து காலையில காத்து இறங்கிக் கிடந்துச்சே, அந்த டயர்.

— முள்ளு குத்தியிருக்கும். இந்தப் பக்கம் முள்ளு ஜாஸ்தி.

— வால்வு மூடி உன் சட்டைப் பையில இருந்துச்சு. சாயங்காலம் துணி துவைக்கறப்ப எடுத்தேன். முள்ளு மூடியக் கழட்டி உன் பையில போட்டுச்சா?

— உனக்கு சர்க்கரை ஒண்ணா, ரெண்டா?

— முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்காத. என் மூஞ்சியப் பாத்துப் பேசு.

— நான்தான் இறக்கினேன். போதுமா? கோட்டு போட்டுக்கிட்டு அந்தக் கிளைவ் பக்கத்துல இளிச்சுக்கிட்டு நிக்க என்னால ஆகாது. சம்பந்தியாம், சம்பந்தி. ஆறு வத்திக் கிடந்த வருஷம் ஊருக்கே சர்க்கார் தண்ணிய அளந்து அளந்துதான் விட்டுச்சு. நாமெல்லாம் சர்ச்சுல இருக்கிற நேரம் பார்த்து இவன் திருட்டுத்தனமா பம்பு ஓட்டினான். என் ஆப்ரிகாட் மரம் அத்தனையும் பட்டுப் போச்சு. வேலிக்கு அந்தப் பக்கம் அவன் தோட்டம் பச்சைப் பசேல்னு நின்னுச்சு. அந்த வீட்டுலயா என் பொண்ணு போய் விழணும்?

— அவன் பம்பு ஓட்டினத நீ கண்ணால பாத்தியா?

— சத்தம் கேட்டேன்.

— எங்க இருந்து கேட்ட? சர்ச்சுக்குத்தான் நீ வந்ததே இல்லையே. படகுல இருந்த. எந்தப் படகு? முந்தின வருஷம், ஆத்துல நம்ம தோட்டத்துக்கு இருந்த பங்குத் தண்ணிய வித்துட்டு வாங்கின படகு. வேண்டாம் வேண்டாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். ஆத்துல முழங்கால் தண்ணி, அதுல இவருக்குப் படகு. தண்ணிய வித்தது நீ, மரம் செத்த பழி மட்டும் கிளைவுக்கா? இத்தனை வருஷமா இதையே கேட்டு என் காது புளிச்சுப் போச்சு.

— மெதுவா பேசு. பின்னால புதுசா வந்து நிக்கிற காருல இருக்கிறவன் கண்ணாடிய இறக்கிட்டான்.

— நல்லா கேக்கட்டும். அவனும் தெரிஞ்சுக்கட்டும். கிறிஸ்துமஸ் அன்னிக்கு நம்ம பொண்ணு டீகன் போன் பண்ணினா. கிளைவ் மகன் ப்ரோடியக் கட்டிக்கப் போறேன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னா. நீ என்ன சொன்ன?

— கோவத்துல ஏதோ சொன்னேன்.

— ஏதோவா? 'அந்த வீட்டுக்குப் போனா எனக்குப் பொண்ணே இல்ல.' அதத்தான் சொன்ன. சொல்லிட்டு போனைக்கூட வைக்கல. மேசை மேல அப்படியே போட்டுட்டு கறியை வெட்டப் போயிட்ட. அவ அழற சத்தம் அதுலருந்து வந்துக்கிட்டே இருந்துச்சு. நான்தான் கேட்டுக்கிட்டு நின்னேன்.

— அப்பன் சொல்றதையெல்லாம் பிள்ளைங்க மனசுல வச்சுக்குமா?

— அப்புறம் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நீ கூப்பிட்டுப் பேசினியா?

— அவ கூப்பிடட்டும்னு இருந்தேன்.

— நாலு மாசமா.

— எனக்கும் ரோஷம் இருக்காதா? சரி, உனக்கு அவ்வளவு ஆசைன்னா நீ தனியா போயிருக்கலாமே. பஸ் இல்லையா, ரயில் இல்லையா? யாரு உன்னைத் தடுத்தா?

— போயிருக்கலாம். புத்தி இருந்தா போயிருப்பேன். உன்னையும் இழுத்துட்டுப் போய் அவ முன்னாடி நிறுத்திட்டா, நேர்ல பாத்ததும் ரெண்டு பேரும் இளகிடுவீங்கன்னு நெனச்சேன். அதுக்குத்தான் இந்தப் பயணம், இந்தக் கேரவன், இந்த ஆறு எல்லாம். பெத்தவ நான். என் பொண்ணு கல்யாணத்தப் பாக்கிற கொடுப்பினையக்கூட உன் வீம்புக்குத் தின்னக் குடுத்துட்டேன். உன்ன நம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்.

— அழாத, கிளென்.

— அழல. பத்திக்கிட்டு வருது.

— சரி, இந்தா பாரு. டீயக் கொட்டிட்டேன். அடுப்பையும் அணைச்சாச்சு. படகு திரும்பி வருது. கேரவனை அக்கரையில கழட்டி விட்டுட்டு காரை மட்டும் எடுத்தா, மூணு மணிக்குள்ள போயிடலாம். என் கோட்டு எங்க? நான் எடுத்துட்டு வரலையே.

— நான் எடுத்து வச்சேன். கட்டிலுக்கு அடியில.

— அப்ப நான் வருவேன்னு உனக்கே தெரிஞ்சிருக்கு. இப்பவே சொல்லிட்டேன், கிளைவ்கிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஒரே மேசையில உக்கார மாட்டேன். ஆனா பொண்ணோட கையப் பிடிச்சு மாப்பிள்ளைகிட்டக் கூட்டிட்டுப் போறது நான்தான். அத எவனுக்கும் விட்டுக் குடுக்க மாட்டேன்.

— நெவில்.

— லேட்டானாலும் நான் வராம ஆரம்பிக்க மாட்டா. பிடிவாதத்துல அவ என்னை மாதிரி. அப்பன் எப்ப வருவான்னு இந்நேரம் வாசலையே பாத்துக்கிட்டு நிப்பா. நான் போய் நின்னா அழுதுடுவா, பாரேன். ஏன் இன்னும் உக்காந்திருக்க? நாற்காலிய மடக்கு.

— தலைவரே, இப்பவாவது வர்றீங்களா?

— வர்றோம், வர்றோம். இன்னிக்கு என் பொண்ணுக்குக் கல்யாணம் தம்பி. எனக்காகத்தான் அங்க காத்துக்கிட்டிருக்காங்க.

— அப்படியா? முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? உங்களை விட்டுட்டுப் போயிருக்க மாட்டேனே.

— கேட்டியா கிளென்? ஏன் அப்படிப் பாக்கற? ஏதாவது சொல்லு.

— வாசலப் பாத்துக்கிட்டுதான் நிப்பா, நெவில். என்னை எதிர்பார்த்து. பத்திரிகை என் ஒருத்தி பேருக்குத்தான் வந்துச்சு.